பாதிக் குரல்

காலைச் சாப்பாட்டு மேசையில் அப்பா அதைச் சொன்ன விதம்தான் மாரெனுக்குப் பொறுக்கவில்லை. வெண்ணெயை இந்தப் பக்கம் தள்ளு என்பது போலச் சொன்னார்.

"ஜூன்ல குடி போறதுக்கு டவுன்ல ஒரு வீடு பாத்திருக்கோம். மூணு ரூம். ஒனக்குத் தனி ரூம். சொலாஞ்சும் நம்ம கூட வந்துருவா."

"பாத்திருக்கோம்னா யாரு?"

"நானும் சொலாஞ்சும்."

"அப்ப நான் பாக்கலையே."

அப்பா டூகல் முட்டையை வெட்டினார். விருந்தாளிகளை ஹெலிகாப்டரில் மலைமேல் ஏற்றி, பனியில் சறுக்கி இறங்க விடுகிற விடுதி அது; அவர் அங்கே ஹெலிகாப்டர் மெக்கானிக். எல்லோரும் தூங்கிய பிறகு எஞ்சினைத் திறந்து பார்த்து, விடிவதற்குள் மூடிவிட்டு, நகக்கண்ணில் கறுப்போடு சாப்பிட வருகிறவர். சொலாஞ் அங்கே சமையல். மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் கியூபெக்கிலிருந்து வந்தவள். மாரெனின் அம்மா இவர்களை விட்டுக் கால்கரிக்குப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. அப்பாவும் சொலாஞ்சும் பழகுவது பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் இருந்தது. ஆனால் தெரிவது வேறு, மூன்று அறை வீடு வேறு.

அன்றைக்கென்று பார்த்து ஹெலிகாப்டரில் இரண்டு இடம் காலி. மியூனிக்கிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவருக்கும் முதல் நாளே முட்டி வீங்கிவிட்டது. இப்படி இடம் காலியானால் விடுதி ஆட்களின் பெயர்களைச் சீட்டில் எழுதி, ஒரு கம்பளித் தொப்பியில் குலுக்கி எடுப்பார்கள். முதல் சீட்டு சொலாஞ். இரண்டாவது டூகல்.

"என் எடத்த மாரெனுக்குக் குடுத்துருங்க" என்றார் டூகல். பிறகு மகளிடம் குரலைத் தாழ்த்தி, "ரெண்டு பேரும் ஒண்ணாப் போயிட்டு வாங்களேன். என்ன?" என்றார்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ராத்திரி நாற்பது சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்திருந்தது. என்ன கோபம் இருந்தாலும் அதை வேண்டாம் என்று சொல்கிற ஆள் அந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் பிறக்கவில்லை.

சிகரங்களை மேகம் மூடியிருந்ததால் அன்று காட்டுக்குள்தான் சறுக்கல். வழிகாட்டி ரெட்டோ எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்தான். சுவிஸ்காரன். இருபது வருஷமாக இந்த மலையில் இருக்கிறான். சிரிக்காமலே ஜோக் அடிப்பான்.

"மரத்துக்குள்ள நான் ஒங்களப் பாக்க முடியாது. கடவுளே வந்தாலும் பாக்க முடியாது. அதனால ஜோடி ஜோடியாப் போங்க, குரல் குடுத்துக்கிட்டே போங்க. மூணு திருப்பத்துக்கு ஒரு தடவ. ஒருத்தர் கூப்பிட்டா இன்னொருத்தர் பதில் சொல்லணும்."

"நான் கத்துனா மாடு மாதிரி இருக்கும், பரவாயில்லையா?" என்றார் டெக்ஸஸ்காரர் பர்ட்.

"எங்க ஊர் மாடு கோவிச்சுக்கும். பரவாயில்ல, கத்துங்க." ரெட்டோ விரலை நீட்டினான். "பதில் வரலன்னா அங்கயே நில்லுங்க. பத்து எண்ணுங்க. மறுபடி கூப்பிடுங்க. அப்பவும் வரலன்னா ஒடனே ரேடியோவுல எனக்குச் சொல்லுங்க. வெளையாடுறானோ, காது கேக்கலையோன்னு யோசிக்கிற வேலையே வேணாம். அத சாயங்காலம் பீர் குடிச்சுக்கிட்டு யோசிக்கலாம். எறங்கிப் போயிட்டா போச்சு. இந்தப் பனியில பத்தடி மேல ஏற அஞ்சு நிமிஷம் ஆகும்."

அவன் எதற்குப் பயப்படுகிறான் என்று மாரெனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பெரிய தேவதாரு மரத்தின் கிளைகள் குடை மாதிரி விரிந்திருப்பதால் அடிமரத்தைச் சுற்றிப் பனி விழாது. அங்கே ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி இருக்கும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே சமமாக, மெத்தை மாதிரித் தெரியும். அதில் விழுகிறவர்கள் தலைகுப்புறத்தான் விழுவார்கள். காலில் சறுக்குப் பலகை மாட்டியிருப்பதால் திரும்ப முடியாது. அசைய அசைய மாவு மூட்டை சரிகிற மாதிரிப் பனி மேலே வந்து மூடும். தானாக வெளியே வந்தவர்கள் கிட்டத்தட்ட இல்லை.

"சமையக்காரம்மா பத்திரம்" என்றார் பர்ட். "நீங்க விழுந்துட்டா இன்னிக்கி ராத்திரி எங்களுக்கு யாரு சோறு போடுறது?"

"ஒங்களுக்குப் பட்டினி நல்லதுதான் பர்ட், வயித்தப் பாருங்க" என்று சொலாஞ் அவர் வயிற்றைக் கைத்தடியால் தட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். சொலாஞ் மாரென் பக்கம் திரும்பி, "நாம ரெண்டு பேரும் ஜோடி, செல்லம். நீ முன்னாடி போ. ஒன் வேகத்துக்கு நான் வர முடியாது" என்றாள்.

அந்த 'செல்லம்' மாரெனின் கழுத்துக்குள் பனிக்கட்டி மாதிரி இறங்கியது.

முதல் இறக்கத்தில் அவள் பதிலே சொல்லவில்லை.

பின்னால் இருந்து வந்துகொண்டே இருந்தது. "ஊ-ஹூ!" கோழியைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு குரல். மாரென் வாயை இறுக்கிக்கொண்டு திரும்பினாள், மறுபடி திரும்பினாள். முட்டிக்கு மேலே பனி புகைந்தது. "ஊ-ஹூ! மாரென்?" இரண்டாவது அழைப்பில் கேள்வி இருந்தது. மூன்றாவதில் பயம் இருந்தது. அந்தப் பயம் கேட்டதும் மாரெனுக்கு உள்ளுக்குள் ஏதோ இனித்தது. அது தப்பு என்று அப்போதே தெரியும். தெரிந்தும் இனித்தது.

கீழே ஓடைக்கரையில் சொலாஞ் மூச்சிரைக்க வந்து நின்றாள். முகம் சிவந்து, கண்ணாடியெல்லாம் ஆவி.

ரெட்டோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "ஒங்க ஜோடியில ஒரு குரல்தான் எனக்குக் கேட்டுச்சு."

"என் தப்பு ரெட்டோ" என்றாள் சொலாஞ். "இவ சொல்லிக்கிட்டுதான் வந்தா. என் ஹெல்மெட்டு காத அடைச்சிருச்சு."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காப்பாற்றியதுதான் மாரெனுக்கு எரிந்தது.

ஹெலிகாப்டர் மறுபடி மேலே ஏறும்போது, இரைச்சலுக்குள் சொலாஞ் அவள் காதருகே வந்து கத்தினாள். "என் மேல கோவம்னா கீழ வந்து திட்டு. எவ்வளவு வேணா திட்டு. மரத்துக்குள்ள வேணாம். சரியா?"

மாரென் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டாவது இறக்கம். மேலே இருவர் இருவராகப் பிரிந்து போனார்கள். மாரெனும் சொலாஞ்சும் கடைசிக்கு முந்திய ஜோடி. இந்தத் தடவை சொலாஞ் கூப்பிட்டதும் மாரென் "ம்ம்" என்று கத்தினாள், வேண்டாவெறுப்பாக. இரண்டாவது தடவையும் கத்தினாள். ஒரே வேரிலிருந்து கிளம்பிய இரட்டை மரம் ஒன்றைத் தாண்டி, சின்ன மேட்டிலிருந்து குதித்து இறங்கினாள்.

அப்போது பின்னால் ஒரு குரல் வந்தது. "ஊ."

அவ்வளவுதான். மிச்சம் வரவில்லை.

மாரென் நின்றாள். காட்டில் பனி விழுகிற சத்தம்கூட இல்லை. சொலாஞ் பழிவாங்குகிறாள் என்று முதலில் தோன்றியது. 'நீ செஞ்சத நான் செஞ்சா எப்படி இருக்கு பாரு' என்று எங்கோ ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறாள். எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு வரை எண்ணினாள். ஆறில், 'இவ்வளவு பெரிய பொம்பள இப்படியா வெளையாடுவா' என்று கோபம் வந்தது. திரும்பக் கூப்பிடவில்லை. ரேடியோவைத் தொடவில்லை. பலகையைக் கீழே திருப்பினாள்.

ஓடைக்கரையில் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பர்ட் மாடு மாதிரிக் கத்திக்கொண்டே வந்து எல்லோரையும் சிரிக்க வைத்தார். இவர்களுக்குப் பின்னால் கிளம்பிய ஜோடியும் வேறு பக்கமாக இறங்கி வந்துவிட்டது. ரெட்டோ தலைகளை எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"மாரென், சொலாஞ் எங்க?"

"வந்துக்கிட்டு இருக்காங்க. இப்பதான் குரல் கேட்டுச்சு."

எப்படி வந்தது அந்த வாக்கியம்? அவளுக்கே தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"எங்க?"

"அங்கதான். அந்தக் கடைசி மரங்களுக்குள்ள."

ரெட்டோ ஒரு நிமிஷம் காத்திருந்தான். ஓடைக்கு மேலே இருந்த மரங்களைப் பார்த்தான். பிறகு ரேடியோவை எடுத்து, "சொலாஞ், கேக்குதா?" என்றான். கரகரப்பு. மறுபடி கேட்டான். கரகரப்பு. அவன் முகத்தில் இருந்த ஜோக்கெல்லாம் ஒரே நொடியில் வடிந்துபோனது. எல்லோரையும் போல மார்பில் கட்டியிருந்த சிக்னல் பெட்டியை, புதைந்தவரின் பெட்டியைத் தேடுகிற நிலைக்கு மாற்றினான். பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு, மாரென் காட்டிய மரங்களை நோக்கி இடுப்பளவு பனியில் ஏற ஆரம்பித்தான். பர்ட்டும் இன்னொருவரும் பின்னாலேயே ஏறினார்கள். மூன்று ஆண்கள் பனியை மாரால் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்கிற சத்தம் மட்டும்.

தப்பான இடத்தில் தேடுகிறார்கள்.

இப்போது சொன்னால் பொய் சொன்னதும் தெரிந்துவிடும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால், ஒருவேளை, சொலாஞ் மேலிருந்து திட்டிக்கொண்டே வந்துவிடலாம். வரட்டும். தயவுசெய்து வரட்டும். மூன்று அறை வீட்டுக்கும் வரட்டும், எங்கு வேண்டுமானாலும் வரட்டும்.

ரெட்டோ முப்பதடி ஏறியிருப்பான்.

"ரெட்டோ!" தன் குரல் இவ்வளவு கிறீச்சென்று இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. "அங்க இல்ல! மேல! ரொம்ப மேல. ரெட்ட மரம் இருக்குல்ல, அதுக்குக் கொஞ்சம் மேல. அங்கதான் கடைசியாக் கேட்டுச்சு."

அவன் திரும்பினான். ஏன் என்று கேட்கவில்லை. "எவ்வளவு நேரம் ஆச்சு?"

"பத்து நிமிஷம். இல்ல, கூடயே இருக்கும்."

அவன் ஜெர்மனில் ஏதோ சொன்னான். அடுத்த நொடி ரேடியோவில் பைலட்டைக் கூப்பிட்டுக்கொண்டே கீழே உருண்டு வந்தான். "லோர்ன், இப்பவே வா. மேல எறக்கி விடணும், ரெண்டு பேர். ஆமா. சொலாஞ்." பிறகு மாரெனிடம், "நீ என் கூட வா. எடத்த நீதான் காட்டணும்."

மேலே போய் இறங்கிச் சறுக்கி வருவதற்குள் மாரெனுக்குத் தன் வாழ்நாள் முழுவதும் போய்விட்ட மாதிரி இருந்தது. தங்கள் சுவட்டிலேயே இறங்கினார்கள். பனியில் இரண்டு சுவடுகள் பக்கம் பக்கமாக, பின்னிப் பின்னி, தோழிகள் போட்ட கோலம் மாதிரி அழகாக இறங்கின. இரட்டை மரத்துக்கு மேலே ஒரு தேவதாருவின் அருகில் ஒரு சுவடு முடிந்துவிட்டது. மற்றது, மாரெனுடையது, அதிலிருந்து பதினைந்தடி தள்ளி, கீழே போயிருந்தது.

ரெட்டோ அந்தப் பதினைந்தடியைப் பார்த்தான். மாரெனும் பார்த்தாள்.

பனிக்கு மேலே ஒரு பலகையின் வால் மட்டும் இரண்டு விரல் அகலம் நீட்டிக்கொண்டிருந்தது.

"மேலேருந்து தோண்டாத! பக்கத்துலேருந்து! மூஞ்சிக்கு வழி பண்ணு!" என்று கத்தினான் ரெட்டோ. மாரென் தோண்டினாள். மண்வெட்டி போதாமல் கையால் தோண்டினாள். கறுப்பு ஹெல்மெட் தெரிந்தது. சொலாஞ்சின் ஒரு கை முகத்துக்கு முன்னால் மடங்கிக் கிடந்தது. அந்தக் கை ஒதுக்கி வைத்திருந்த ஒரு கைப்பிடி இடம்தான் அவளுக்கு மிச்சமிருந்த காற்று. முகம் சாம்பல். உதடு நாவல்பழ நிறம்.

ரெட்டோ அவள் வாயிலிருந்த பனியை விரலால் வழித்து எடுத்துவிட்டு ஊதினான். ஊதினான். "வா சொலாஞ். வா வா வா. சூப் அடுப்புல இருக்கு, தீயப்போகுது, வா." ஊதினான்.

நான்காவது தடவையா ஐந்தாவது தடவையா, மாரெனுக்கு நினைவில்லை. சொலாஞ்சின் தொண்டையில் கதவு கிறீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு ஒரு மூச்சு. வெகு நேரம் கழித்து இன்னொன்று.

அவளைத் தூக்கிக்கொண்டு ஹெலிகாப்டர் டவுன் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. அதற்குப் பின் மேகம் பள்ளத்தாக்கு வரை இறங்கிவிட்டதால் திரும்பி வர முடியவில்லை. மற்றவர்களைப் பனிவண்டிகள் வந்து விடுதிக்குக் கூட்டிப் போயின. டூகலும் மாரெனும் லாரியில் கிளம்பினார்கள். விடுதி வாசலில் ரெட்டோ டூகலின் தோளைப் பிடித்து, "எடத்தக் காட்டுனது இவதான்" என்றான். மாரெனை ஒரு முறை பார்த்தான். "மிச்சத்த இவ சொல்லுவா."

டூகல் அதைக் கவனிக்கவில்லை. காட்டியது மகள்தான் என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டார். வழியெல்லாம் அதையே சொன்னார்.

பாதி வழியில் நெடுஞ்சாலை அடைத்துக் கிடந்தது. மலைச்சரிவில் தேங்கிய பனி தானாகச் சரிந்து சாலையில் விழுவதற்குள் அதை ராணுவம் பீரங்கியால் சுட்டுக் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. அது முடிகிறவரை யாரும் போக முடியாது. முன்னால் நூறு வண்டிகளின் சிவப்பு விளக்கு. போனில் சிக்னல் இல்லை. சொலாஞ் உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாமல் அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்பா."

"ம்."

"நான் ஒண்ணு சொல்லணும்."

தூரத்தில் குண்டு வெடித்தது. ஜன்னல் அதிர்ந்தது.

"பேசாத கண்ணு" என்றார் டூகல். "நீ இன்னிக்கி செஞ்சது போதும். காலையில ஒன் கிட்ட அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது நான். வீட்ட பத்தி. ஒன்னயக் கேட்டுட்டுப் பாத்திருக்கணும். நீ மட்டும் அந்த எடத்தச் சரியாச் சொல்லலன்னா..."

ஒவ்வொரு குண்டுக்கும் மாரென் இந்தத் தடவை சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். பதினோரு குண்டுகள் வெடித்தன. பிறகு சாலை திறந்துவிட்டது.

சொலாஞ் விழித்திருந்தாள். மூக்கில் குழாய். கண்ணின் வெள்ளையில் ரத்தப் புள்ளிகள். டூகல் அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவள் கையைத் தன் கறுப்பு விரல்களுக்குள் வைத்துக்கொண்டார். மாரென் கதவோரம் நின்றாள்.

"எனக்கு எதுவுமே நெனவில்ல" என்றாள் சொலாஞ். குரல் கரகரத்தது. "மேல எறங்குனது தெரியும். அப்புறம் இந்த ரூம். டாக்டர் பனிக்குள்ள இருபது நிமிஷம்ங்குறாரு. என்னால நம்பவே முடியல." மாரெனைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். "ஒனக்கு எவ்வளவு பயமா இருந்திருக்கும், பாவம். ஒன்னயப் போயி மரத்துக்குள்ள வேணாம்னு சொல்லிட்டு, நானே குரல் குடுக்க மறந்துட்டேன் போலருக்கு. அப்படித்தானே? நான் கூப்பிடவே இல்லல்ல?"

இல்லை என்று தலையாட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். ரெட்டோவுக்குத் தெரியும், ஆனால் ரெட்டோ முந்திக்கொண்டு சொல்கிற ஆள் இல்லை. சொலாஞ்சுக்கு நினைவே இல்லை. அவளே தப்பைத் தன் தலையில் எடுத்து வைத்துக்கொண்டு, சுமந்துபோகத் தயாராக நிற்கிறாள். இனி அந்த வீட்டில், அடுத்த அறையில், ஒவ்வொரு நாளும் சுமப்பாள்.

"கூப்பிட்டீங்க" என்றாள் மாரென்.

"என்ன?"

"நீங்க கூப்பிட்டீங்க. ஒரு தடவ. பாதிதான் வந்துச்சு, அப்புறம் நின்னுருச்சு. எனக்குக் கேட்டுச்சு. வெளையாடுறீங்கன்னு நெனச்சேன். இல்ல, அதுகூட இல்ல. ஆறு வரைக்கும் எண்ணுனேன். அப்புறம் போயிட்டேன். கீழ ரெட்டோ கேட்டப்ப, இப்பதான் குரல் கேட்டுச்சுன்னு சொன்னேன். பக்கத்துலன்னு. அவங்க தப்பான எடத்துல தேடுனாங்க. என்னாலதான்."

டூகலின் முதுகு அசையவில்லை. அவர் திரும்பவும் இல்லை.

சொலாஞ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயில் காற்று உஸ்ஸென்று வந்து போனது. கண்ணோரத்திலிருந்து ஒரு கோடு காது வரை இறங்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"முதல் தடவையும் ஒனக்குக் கேட்டுச்சா? முதல் எறக்கத்துல?"

"கேட்டுச்சு. எல்லாமே கேட்டுச்சு."

"ம். நல்ல வேள, சொன்ன. சொல்லாம இருந்திருந்தா நான் இனிமே என்னயவே நம்பியிருக்க மாட்டேன்." அவள் கண்ணை மூடினாள். "இப்ப வெளிய போ மாரென். ஒன்னய இப்ப பாக்க என்னால முடியல. நடிக்கவும் தெம்பில்ல."

மாரென் நின்றுகொண்டே இருந்தாள். எந்தப் பக்கம் போவது என்று கால்களுக்குத் தெரியவில்லை.

"போன்னுதான சொன்னேன்" என்றாள் சொலாஞ், கண்ணைத் திறக்காமல். "ஒரேயடியாப் போகச் சொல்லல. நாளைக்குக் காலைல வா. அப்ப ஒன்னயத் திட்டணும், நெறைய இருக்கு."

வெளியே நடையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. மாரென் ஒன்றில் உட்கார்ந்து, கையிரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே அப்பா ஏதோ கேட்கிறார், சொலாஞ் ஏதோ சொல்கிறாள், வார்த்தை புரியவில்லை. வெகு நேரம் கழித்து டூகல் வெளியே வந்தார். மகளைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனவர், ஒன்றை விட்டு அடுத்ததில் உட்கார்ந்தார்.

விடிய இன்னும் எட்டு மணி நேரம் இருந்தது.